கடைசித் தவணையும் கட்டியாயிற்று, போனின் பூட்டு மட்டும் அவர்களிடம்!

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். கணவர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். மகள் எட்டாம் வகுப்பு. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஆடித் தள்ளுபடியில் 18,000 ரூபாய்க்கு ஒரு போன். முன்பணம் 3,000, மீதிக்கு மாதம் 1,500 வீதம் 10 தவணை. கடைப் பையனே போனைப் பெட்டியிலிருந்து எடுத்து, எதையோ ஸ்கேன் செய்து, ஓடிபி கேட்டு, 'சம்மதம்' 'சம்மதம்' என்று வரிசையாகத் தொட்டு முடித்துக் கையில் கொடுத்திருக்கிறார். ஆறு தவணை ஒழுங்காகப் போயிருக்கிறது. ஏழாவது மாதம், மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கி பிடித்துக்கொண்ட தொகையால் கணக்கில் பணம் குறைந்து தவணை திரும்பிவிட்டது. ஆறாம் நாள், சனிக்கிழமை மாலை, போன் பூட்டிக்கொண்டது. திரையில் 'தவணை நிலுவை' என்ற அறிவிப்பும் அவசர அழைப்புக்கான பொத்தானும் தவிர வேறொன்றும் இல்லை. முகூர்த்த நேரம். 11 பிளவுஸின் அளவுகளும் கழுத்து மாடல் படங்களும் உள்ளே. கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்கக்கூட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனாருக்கு யாரோ போன் செய்து "உங்க அண்ணி கடன் கட்டலை" என்று சொல்லியிருக்கிறார்கள். திங்கள் காலை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அபராதத்தோடு பணம் கட்டியும், பூட்டு திறந்தது செவ்வாய் சாயங்காலம்தான்.

அதன் பிறகு மீதித் தவணைகளையும் கட்டி முடித்துவிட்டார். கடைசித் தவணை போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்றைக்கும் செட்டிங்ஸில் இந்தப் போன் வேறொரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருப்பதாக ஒரு வரி இருக்கிறது. கடன் நிறுவனத்தின் செயலியை நீக்க முடியவில்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் "72 மணி நேரத்தில் சரியாகிவிடும்" என்கிறார்கள். ட்ரயல் பார்க்கும்போது எடுத்த பெண்களின் படங்களை அவர்கள் பார்த்திருப்பார்களோ என்று பயமாக இருக்கிறதாம். 800 ரூபாய் கொடுத்தால் ஃப்ளாஷ் அடித்து, அதாவது போனின் மென்பொருளையே அழித்துப் புதிதாக ஏற்றி, பூட்டை எடுத்துவிடலாம் என்கிறார் தம்பி. 'அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா? நானேதான் சம்மதம் கொடுத்தேன், தவணை முடியும்வரை போன் அவர்களுடையதுதானே, எனக்கு உரிமை ஏதாவது மிச்சம் இருக்கிறதா?' என்று கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் இரண்டு தவறான எண்ணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

போன் முதல் நாளிலிருந்தே உங்களுடையது

கடையில் கொடுத்த பில்லை எடுத்துப் பாருங்கள். வாங்கியவர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும். ஏதாவது ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஹைப்போதிகேஷன் என்று நிறுவனத்தின் பெயரும் இருக்கலாம். லோனில் வாங்கிய பைக்கின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்குமே, அதே சொல்தான். பொருள் வாங்கியவருக்குச் சொந்தம், அவர் கையில்தான் இருக்கும், கடனுக்கு ஈடாக அதன் மேல் நிறுவனத்துக்கு ஒரு பாத்தியதை உண்டு, அவ்வளவுதான். ஆகவே 'முடியும்வரை அவர்களுடையது' என்பது சரியல்ல. நிறுவனம் கொடுத்தது பணம்; போனைக் கொடுத்தது கடைக்காரர்.

இதில் ஒரு பழைய சட்டம் எனக்கு நினைவுக்கு வருகிறது. கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் டிகிரியே, அதாவது தீர்ப்பாணையே, வாங்கி வந்தாலும், கடனாளியின் எந்தெந்தப் பொருளை ஜப்தி செய்யக்கூடாது என்று 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது, தையல்காரரின் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனால் அவர் கடனை எப்படி அடைப்பார் என்று. உங்கள் வழக்குக்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. நீங்களே ஈடாக எழுதிக் கொடுத்த பொருள் இது, தூரத்திலிருந்து பூட்டுவது கோர்ட் ஜப்தியும் அல்ல. ஆனால் உங்கள் மிஷின் மூலையில் சும்மா கிடக்க, 11 பேரின் அளவு பூட்டிய போனுக்குள் இருந்த அந்த இரண்டு மூன்று நாட்களை நினைக்கும்போது, எது கருவி, எது ஈடு என்று யோசிக்கத் தோன்றுகிறது. பைக்கைத் தூக்கிப்போனால் பஸ்ஸில் போகலாம். போனைப் பூட்டினால் பணப்பை, கடைப்பலகை, கணவரின் குரல், மகளின் பள்ளிக்கூடக் குரூப் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. தவணை கட்டும் வழியே அந்தப் போன்தான் என்பதை நீங்கள் எழுதாவிட்டாலும் நான் ஊகித்திருப்பேன்.

நிறுவனத்தின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரே இல்லாத ஒருவருக்கு, சம்பளச் சீட்டு கேட்காமல், கால் மணி நேரத்தில் 15,000 ரூபாய் கடன் கொடுக்க அவர்கள் துணிவது இந்தப் பூட்டு கையில் இருப்பதால்தான். பூட்டே கூடாது என்றால் உங்களைப் போன்றவர்களுக்குக் கடன் கிடைப்பதும் குறையும், வட்டியும் ஏறும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் ரிசர்வ் வங்கியும் இதில் இரண்டு பக்கமும் பார்க்கிறது. 2024-இல் இப்படிப் பூட்டுவதை நிறுத்தச் சொன்னதாகவும், பிறகு கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கலாமா என்று ஆலோசிப்பதாகவும் 2025 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அடுத்த மாதம் நடந்த செய்தியாளர் சந்திப்பில், விஷயம் பரிசீலனையில் இருப்பதாக ரிசர்வ் வங்கித் தரப்பும் சொன்னது. அந்த முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உங்கள் புகாரின் மையம் அசையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

'சம்மதம்' என்று தொட்டதால் எல்லாம் போய்விடாது

கடைப் பையன் உங்கள் கையிலிருந்து போனை வாங்கித் தொட்ட சம்மதம் அது. அதைச் சட்டம் எப்படிப் பார்க்கும்?

கடன் செயலிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2 அன்று கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், 2025 மே மாதம் ஒருங்கிணைக்கப்பட்டு மீண்டும் வெளியாயின. அவற்றின்படி செயலிகள் போனில் உள்ள கோப்புகள், படங்கள், தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை உங்கள் வெளிப்படையான சம்மதத்தோடு, ஆளைச் சரிபார்த்துக் கணக்குத் தொடங்கும் வேலைக்காக ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம். இங்கே கவனிக்க வேண்டியது, கான்டாக்ட் பட்டியலைச் 'சம்மதம் வாங்கிக்கொண்டு எடு' என்று விதி சொல்லவில்லை, எடுக்காதே என்கிறது. ஒருவேளை நீங்கள் தொட்டிருந்தாலும் அந்தச் சம்மதம் அவர்களுக்கு உதவாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் அதே விதிகள் உங்களுக்கு வழி வைத்திருக்கின்றன. 'நீங்கள் கடையில் நேரில் வந்து வாங்கினீர்கள், இது டிஜிட்டல் கடனே அல்ல' என்று நிறுவனம் சொல்லிப் பார்க்கும். எங்கோ கொஞ்சம் நேரடித் தொடர்பு இருந்தது என்பதால் மட்டும் அது டிஜிட்டல் கடன் அல்ல என்று ஆகிவிடாது.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இன்னும் அழகான ஓர் உதாரணமே இருக்கிறது. போனிலேயே மருத்துவம் பார்க்கும் செயலி ஒன்று, சிகிச்சைக்கான விவரத்தோடு கான்டாக்ட் பட்டியலையும் கேட்கிறது. அந்தப் பெண் இரண்டுக்கும் சம்மதிக்கிறாள். சிகிச்சைக்குக் கான்டாக்ட் பட்டியல் தேவையில்லை, ஆகவே அவள் சம்மதம் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது சட்டம். அதாவது, தேவைக்கு மேல் வாங்கிய சம்மதம் செல்லாது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் வழி இருக்க வேண்டும். ஆனால் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே ஓட வேண்டாம். விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. சம்மதம், உரிமைகள் பற்றிய முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும் என்பது அந்த அறிவிப்பு. இன்னொன்று, 250 கோடி வரை அபராதம் என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அது அரசுக் கணக்குக்குப் போகும் பணம். உங்கள் கைக்கு வரும் நஷ்டஈடு அல்ல.

படங்களைப் பார்த்திருப்பார்களோ என்ற பயம்

உங்கள் கடிதத்தில் கை நடுங்கியது இந்த இடத்தில்தான் என்று தெரிகிறது. நிதானமாகக் கேளுங்கள். போனைப் பூட்டும் அதிகாரமும் போனுக்குள் பார்க்கும் அதிகாரமும் ஒன்றல்ல. தவணைப் போன்களில் முதல்முறை ஆன் செய்யும்போதே நிறுவனத்தின் செயலியை 'நிர்வாகி'யாக உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த ஸ்கேன் அதற்குத்தான். நிர்வாகியால் பூட்ட முடியும், செயலிகளைச் சேர்க்க, தடுக்க முடியும், செட்டிங்ஸின் சில பகுதிகளை மறைக்க முடியும், மொத்தமாக அழிக்கவும் முடியும். கேலரியைத் திறந்து பார்ப்பதும் வாட்ஸ்அப்பைப் படிப்பதும் அந்தப் பதவியோடு தானாகச் சேர்ந்து வருவதில்லை. அதற்குப் படங்களுக்கான அனுமதி தனியே வேண்டும்.

ஆகவே இன்றைக்கே பாருங்கள். செட்டிங்ஸில் செயலிகள் என்ற இடத்தில் அந்தச் செயலியைத் தொட்டு, அதற்கு எந்தெந்த அனுமதி இருக்கிறது என்ற பக்கத்தைத் திறங்கள். படங்கள், தொடர்புகள், அழைப்புப் பதிவு, இருப்பிடம், மைக் இவற்றில் எது திறந்திருக்கிறதோ, முதலில் வேறொரு போனில் அதைப் படம் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். நிர்வாகி அதைத் தடுத்திருக்கலாம். படம் எடுத்த பிறகு அனுமதியை மூடுங்கள். மூட முடியாமல் சாம்பல் நிறத்தில் நின்றால், அதுவே உங்களுக்கு நல்ல சாட்சி, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படங்களுக்கான அனுமதி அங்கே இல்லை என்றால், 'என் வாடிக்கையாளர் படங்களைப் பார்த்துவிட்டார்கள்' என்று புகாரில் எழுதாதீர்கள். நிரூபிக்க முடியாத ஒரு வரி, நிரூபிக்க முடிகிற பத்து வரிகளின் பலத்தைக் குறைத்துவிடும். முப்பது வருடமாக வக்கீலாக இதைக் கட்சிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் கேட்பதில்லை. தொழில் பாடமாக இன்னொன்றும் உண்டு. அந்தப் பெண்கள் உங்களை நம்பித்தான் படம் எடுக்க விட்டார்கள். முகம் தெரியும் படங்களை வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். தரவைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பு கம்பெனிகளுக்கு மட்டும் உரியதல்ல.

நாத்தனாருக்குப் போன அழைப்பு

இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும். கான்டாக்ட் பட்டியலைத் திருடித்தான் நாத்தனார் எண்ணை எடுத்தார்கள் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். கடையில் 'ரெஃபரன்ஸுக்கு இரண்டு எண் சொல்லுங்க' என்று கேட்டார்களா, நினைவுபடுத்திப் பாருங்கள். சொல்லியிருந்தால் எண் கிடைத்த வழியில் தப்பில்லை.

ஆனாலும் அவர்கள் செய்தது தப்புதான். 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, கடன் வசூலில் பொது இடத்தில் அவமானப்படுத்துவதையும், கடனாளியின் குடும்பத்தார், ரெஃபரன்ஸ் கொடுத்தவர், நண்பர் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும் தடை செய்கிறது. ரெஃபரன்ஸ் ஆட்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள், கவனியுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்பதும் அதே சுற்றறிக்கைதான். ஏஜென்ட் செய்தான், எங்களுக்குத் தெரியாது என்று நிறுவனம் கைகழுவ முடியாது. நாத்தனாரின் போனில் அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பின் எண்ணும் நேரமும் இன்னும் இருந்தால் உடனே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வருத்தம் இருக்கும்தான், கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். ஆனால் உங்களிடம் இல்லாத சாட்சி அவரிடம் இருக்கிறது.

ரிட் வேண்டாம்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது உண்மை. ஆனால் அடிப்படை உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரான கவசம். 2023 ஜனவரியில் கவுஷல் கிஷோர் வழக்கில், வாழும் உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்திருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும், ஒரு தனியார் நிறுவனத்தின் தவணைப் போனுக்காக மதுரைக் கிளையில் ரிட் போட்டால், 'உங்களுக்கு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேன் இருக்கிறார், நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அங்கே போங்கள்' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். போக்குவரத்தும் வக்கீல் பீஸும் போனின் விலையைத் தாண்டிவிடும்.

ஃப்ளாஷ் அடிக்கவே வேண்டாம்

தம்பியிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, சில போன்களில் பூட்டு, ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணோடு நிறுவனத்தின் சர்வரில் பதிவாகியிருக்கும். ரீசெட் செய்து இணையத்தில் சேர்த்தவுடன் பூட்டு மறுபடி வந்து உட்காரும், உள்ளே இருந்த படங்கள் மட்டும் போய்விடும். இரண்டு, அதைத் தாண்டுவதற்காகச் சில கடைகளில் ஐஎம்இஐ எண்ணையே மாற்றுகிறார்கள். அது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 800 ரூபாய் வாங்கிய கடைக்காரர் அன்றைக்கு உங்கள் பக்கம் நிற்க மாட்டார். மூன்று, கடன் கட்டி முடித்தவர் என்ற உங்கள் சுத்தமான நிலையை நீங்களே கலங்கடித்துக்கொள்வீர்கள்.

உங்கள் பலம் ஏழாம் மாதத்தில் இல்லை

கடிதம் முழுக்க அந்தச் சனிக்கிழமையைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். வலித்த இடம் அது, புரிகிறது. ஆனால் வக்கீல் கண்ணுக்குப் பலவீனமான இடமும் அதுதான். தவணை தவறியிருக்கிறது, ஒப்பந்தத்தில் பூட்டும் உரிமை எழுதியிருக்கும், ரிசர்வ் வங்கியின் நிலையும் அசைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் வாதாட ஏதோ ஒன்று இருக்கிறது.

திங்கள் காலை பணம் கட்டிய நிமிடத்திலிருந்து செவ்வாய் மாலைவரை? அங்கே அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. பூட்டத் தெரிந்த கம்ப்யூட்டருக்குத் திறக்க மட்டும் ஏன் ஒன்றரை நாள்? அதைவிடப் பலமானது கடைசித் தவணைக்குப் பிந்தைய இந்த இரண்டு மாதம். கடன் முடிந்தால் ஈடு முடிந்தது, ஈடு முடிந்தால் நிர்வாகி பதவிக்குக் காரணம் இல்லை. இன்றைய தேதியில், ஒரு பைசா பாக்கி இல்லாத ஒருவரின் போனுக்குள் அவர் விருப்பத்துக்கு எதிராக ஒரு நிறுவனம் அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. நாளைக்கே ரிசர்வ் வங்கி பூட்டை அனுமதித்தாலும் இதை யாரும் அனுமதிக்கப்போவதில்லை. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியை அணுகுவதையும், உரியவரை அணுக விடாமல் தடுப்பதையும் நஷ்டஈடுக்குரிய செயல் என்கிறது. போனும் அந்தச் சட்டத்தில் கணினிதான். நீங்கள் கொடுத்த அனுமதி கடன் உயிரோடு இருந்த காலத்துக்கு. அதற்கு அப்புறமும் அது நீடிக்கிறது என்று அவர்கள்தான் காட்ட வேண்டும்.

யூடியூபில் 'கடன் முடிந்து 30 நாளில் விடுவிக்காவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய்' என்று பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த உத்தரவு இருக்கிறது, 2023 செப்டம்பரில் வந்தது. ஆனால் அது சொத்துப் பத்திரங்களைத் திருப்பித் தருவது பற்றியது. போன் செயலிக்கு அதை அப்படியே கேட்டால் மறுத்துவிடுவார்கள். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது

முதலில் போனில் உள்ள அளவுகள், படங்கள், எண்கள் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகல் எடுங்கள். நிர்வாகிக்கு அழிக்கும் அதிகாரமும் உண்டு என்று சொன்னேன் அல்லவா. அளவுகளை ஒரு நோட்டிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கஸ்டமர் கேருக்குப் போன் செய்வதை நிறுத்துங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சல் கடன் ஒப்பந்தத்திலும் அவர்கள் தளத்திலும் இருக்கும். அதற்குத் தமிழிலேயே எழுதலாம். கடன் எண், ஐஎம்இஐ எண், கடைசித் தவணை கட்டிய தேதி இவற்றைக் கொடுத்து நான்கு கோரிக்கை வையுங்கள்: கடன் முடிந்ததற்கான சான்று, போனின் நிர்வாகப் பதிவை நீக்குவது, என் தரவை அழித்து யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று தெரிவிப்பது, சிபிலில் கணக்கு முடிந்ததாகத் திருத்துவது. சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம்; தவறைச் சொல்லி 30 நாளில் திருத்தாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் என்ற விதி நிஜமாகவே அதற்குப் பொருந்தும். திங்கள்-செவ்வாய்த் தாமதத்தையும் நாத்தனார் அழைப்பையும் தேதி, நேரத்தோடு தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள். கோபம் வேண்டாம், தேதி போதும்.

30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனுக்கு இணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. சந்தேகத்துக்கு 14448 என்ற எண். வக்கீல் மூலமாகப் புகார் கொடுக்க அங்கே அனுமதி கிடையாது. எங்கள் தொழிலுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம். அந்த நிறுவனம் ரிசர்வ் வங்கியில் பதிவானதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பதிவே இல்லாத கும்பல் என்றால் ஓம்புட்ஸ்மேன் வழி கிடையாது. போலீசுக்கும் சைபர் குற்ற எண் 1930-க்கும் போக வேண்டியதுதான்.

நஷ்டஈடுதான் வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'போனைத் தொழிலுக்குப் பயன்படுத்தினார், ஆகவே நுகர்வோர் அல்ல' என்று ஒரு வாதம் வரும். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. ஒன்று கவனம்: 'ஒப்பந்தமே நியாயமற்றது' என்று மாவட்ட ஆணையத்தில் எழுதிவிடாதீர்கள், அதை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான். 'சேவைக் குறைபாடு' என்று மட்டும் எழுதுங்கள்.

என் கணிப்பு, ஓம்புட்ஸ்மேன்வரைகூடப் போக வேண்டியிருக்காது. ஐஎம்இஐ எண்ணும் '30 நாள்' என்ற சொல்லும் உள்ள மின்னஞ்சலுக்கு வரும் மரியாதை, நூறு போன் அழைப்புக்கு வராது.

விடுவித்துவிட்டோம் என்று பதில் வந்த உடனே ரீசெட் செய்துவிடாதீர்கள். போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். செட்டிங்ஸில் அந்த வரி மறைந்திருக்கிறதா, செயலி சாதாரணமாக நீங்குகிறதா என்று பார்த்த பிறகே மற்றது. மகளுக்குக் கொடுக்க நினைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதுவரை உங்களிடமே இருக்கட்டும், அவளுடைய கணக்கை அதில் போட வேண்டாம். நிறுவனத்தின் பதில் வந்ததும் அதன் நகலை, பெயரையும் கடன் எண்ணையும் மறைத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள்.